கயிற்றை இழுத்த பிறகு



சிட்னி நகரத்துக்கு மேற்கே ப்ளூ மவுண்டன்ஸ் என்றொரு மலைத்தொடர் இருக்கிறது. மணற்கல் மலை. ஓடைகள் அதைக் காலங்காலமாக அறுத்து ஆழமான இடுக்குகளாக்கி வைத்திருக்கின்றன. சில இடங்களில் இரண்டு கையையும் விரித்தால் இரு பக்கமும் பாறை தட்டும். மேலே அடர்ந்த காடு. கீழே கோடையிலும் உடம்பை விறைக்க வைக்கும் தண்ணீர். அந்த ஓடையோடு நடந்து, நீந்தி, அருவி குறுக்கிட்டால் கயிறு கட்டி இறங்குவதைத்தான் கேன்யனிங் என்கிறார்கள்.

பக்கத்து வோலமை தேசியப் பூங்காவில், 1994-இல், டேவிட் நோபிள் என்ற பூங்கா அலுவலர் இப்படி இறங்கிப் போனபோதுதான் அதுவரை அறிவியல் அறியாத ஒரு மரத்தைக் கண்டார். டைனோசர் காலத்து வம்சம். அதற்கு வோலமை பைன் என்று பெயர் வைத்தார்கள். அன்று அவரோடு துணைக்கு ஆள் இருந்தது. துணையே இல்லாமல் இறங்குகிறவர்களும் உண்டு. நானும் இறங்கியிருக்கிறேன்.

அருவி வந்தால், அதன் தலைப்பில் நிற்கும் ஒரு மரத்தைச் சுற்றிக் கயிற்றை இரட்டையாகத் தொங்கவிட வேண்டும். 20 மீட்டர் அருவிக்கு 40 மீட்டர் கயிறு. இறங்கியதும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு ஒரு முனையைப் பிடித்து இழுப்போம். மறுமுனை மேலே ஏறி, மரத்தைச் சுற்றி, சடசடவென்று தண்ணீரில் வந்து விழும். வந்த வழி அத்தோடு அடைபட்டது. இனி ஓடை போகிற வழிதான் நம் வழி. தனியாக நிற்கும்போது அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் கேட்கும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். போன வருடம் ஆளை மூழ்கடித்த குட்டையில் இந்த வருடம் ஒரு மரக்கட்டை அடித்துவந்து கிடக்கலாம். குதித்துக் கணுக்கால் பிசகினால், கூட்டமாகப் போனவர்களுக்கு அது தாமதம். தனி ஆளுக்கு அது குளிரில் ஓர் இரவு. மழையோ, தனி ஆள், கூட்டம் என்று பார்ப்பதில்லை. 1999 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன் அருகே வழிகாட்டிகளோடு இறங்கியவர்களைத் திடீர் வெள்ளம் வாரிக்கொண்டு போனது. 21 பேர் இறந்தார்கள். மழை கொட்டியது ஓடையின் மேற்பகுதியில்.

2003-இல் அமெரிக்காவின் யூட்டா பாலைவன இடுக்கொன்றில், ஆரன் ரால்ஸ்டன் என்ற இளைஞரின் வலது கை உருண்ட பாறைக்கடியில் சிக்கியது. ஐந்து நாள் தாண்டி, தன் கையைத் தானே அறுத்து வெளியே வந்தார். ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த ‘127 ஹவர்ஸ்’ படம் அவர் கதைதான். அவரிடம் கயிறு இருந்தது, கத்தி இருந்தது, அனுபவம் இருந்தது. எங்கே போகிறோம் என்று மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாமல் கொள்ளாமல் போகிற இடமல்ல அது. எந்த ஓடை, எங்கே இறங்குகிறேன், எங்கே ஏறுவேன், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் போலீசைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுங்கள். ப்ளூ மவுண்டன்ஸில் செயற்கைக்கோளுக்கு ஆபத்துக் குறிப்பு அனுப்பும் கருவியை இலவசமாகவே இரவல் தருகிறார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால், வானம் ஒரு கீற்றாகத் தெரியும் இடுக்கில் அதன் குறிப்பு மேலே போய்ச் சேராமலும் போகலாம். வீட்டில் இருக்கிற தாளுக்கு அந்தத் தடை இல்லை.

வெளியே வந்ததும் ஈர உடையை மாற்றுவதற்கு முன்னால் வீட்டுக்குப் பேசுங்கள். நீங்கள் பேச மறந்தால், உங்களைத் தேடி இன்னொருவர் இருட்டில் அதே கயிற்றைக் கட்டி இறங்குவார்.