நமக்கு இனிக்கும் பொய்!

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

செய்தி சென்ற வழியெல்லாம் பொய்யும் சென்றிருக்கிறது. ஓலையிலே சென்றது, தோலிலே எழுதப்பட்டுச் சென்றது, அச்சேறிச் சென்றது, வானொலியிலே முழங்கிற்று, இன்று உள்ளங்கையிலே ஒளிர்கிறது. கருவி மாறிற்று, காரியம் மாறவில்லை! அக்காரியம் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே என் நோக்கம்.

முதலிலே ஒரு சாசனத்தைக் காண்போம். 'கான்ஸ்டன்டைன் நன்கொடை' என்பது அதன் பெயர். 4ஆம் நூற்றாண்டின் உரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன், மேற்கு நாடுகளின் மீதான உரிமையைப் போப்பாண்டவருக்கு அளித்துவிட்டானாம்! எழுதப்பட்டதோ 8ஆம் நூற்றாண்டிலே! பல நூற்றாண்டுக் காலம் அப்போலிச் சாசனம் மதிப்போடு உலவிற்று. 1440இல் லொரென்சோ வாலா என்ற இத்தாலிய அறிஞர் அதை ஆராய்ந்தார். அவர் வாளெடுக்கவில்லை, இலக்கணத்தை எடுத்தார். கான்ஸ்டன்டைன் காலத்து இலத்தீனிலே வழங்காத சொற்கள் அதிலே இருப்பதை எடுத்துக் காட்டினார். சாசனத்தின் சாயம் வெளுத்தது!

பின்னர் அச்சு வந்தது. வாலாவின் ஆராய்ச்சியை 16ஆம் நூற்றாண்டிலே ஐரோப்பாவெங்கும் பரப்பியது அச்சு. சூனியக்காரிகள் என்று பெண்களை வேட்டையாட வழிகாட்டும் நூலைப் பரப்பியதும் அதே அச்சுதான்! கருவிக்கு நீதி தெரியாது, தோழர்களே. அதனைக் கையாள்பவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி, தேர்தல் களத்துக்கு வாருங்கள். பிரிட்டனிலே 1924 சனவரித் திங்களில், முதன்முறையாகத் தொழிற்கட்சி ஆட்சி அமைத்தது. ராம்சே மக்டொனால்டு பிரதமரானார். பெரும்பான்மை இல்லாத அந்த ஆட்சி அக்டோபரிலே தோற்கடிக்கப்பட்டது. 29ஆம் நாள் வாக்குப்பதிவு. அதற்கு நான்கே நாள் முன்பு, 'டெய்லி மெயில்' ஏடு ஒரு கடிதத்தை வெளியிட்டது. அனைத்துலகக் கம்யூனிஸ்டு அமைப்பின் தலைவர் சினோவியெவ், பிரிட்டிஷ் கம்யூனிஸ்டுகளுக்கு மாஸ்கோவிலிருந்து எழுதினாராம். படைவீரரிடையே கலகத்துக்கு ஆயத்தம் செய்யுமாறு பணித்தாராம்! உள்நாட்டுப் போருக்குச் சதி என்று கொட்டை எழுத்திலே தலைப்பு! சினோவியெவ் மறுத்தார். மூலக் கடிதம் இன்றளவும் கிட்டவில்லை. ஆனால் நான்கு நாளிலே ஒரு மறுப்பு எத்தனை வீடுகளின் கதவைத் தட்டிவிட முடியும்? 75 ஆண்டு கழித்து, 1999இல், பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் தலைமை வரலாற்றாசிரியர் ஆவணங்களை ஆராய்ந்து, அது போலிக் கடிதம் என்றே கருத வேண்டும் என அறிக்கை தந்தார்.

கதை இத்துடன் முடியவில்லை. 191 இடங்கள் பெற்றிருந்த தொழிற்கட்சி 151க்கு இறங்கிற்று. கடிதம்தான் எங்களைக் கவிழ்த்தது என்று அக்கட்சியினர் பலர் நெடுங்காலம் பேசினர். கணக்கைப் பாருங்கள்! முந்தைய தேர்தலைவிடத் தொழிற்கட்சிக்கு ஏறத்தாழ 10 இலட்சம் வாக்குகள் கூடியிருந்தன. கூடுதலான தொகுதிகளில் நின்றதும் அதற்கு ஒரு காரணம். உண்மையிலே நொறுங்கியது லிபரல் கட்சி. 158 இடங்களிலிருந்து 40க்கு வீழ்ந்தது. அந்தச் சரிவே கன்சர்வேடிவ் கட்சியை அரியணை ஏற்றிற்று. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை!

பகைவர் புனைந்த பொய் ஒன்று. தோற்றவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட ஆறுதல் மற்றொன்று. முதற்பொய் ஒரு தேர்தலோடு போயிற்று. இரண்டாவது, தோல்வியின் உண்மைக் காரணங்களைக் காணவொட்டாமல் கண்களை மறைத்தது. எது கொடியது? எண்ணிப் பாருங்கள்!

வானொலியின் காலத்திலே பொய் குருதி குடித்தது. ஆப்பிரிக்காவின் ருவாண்டாவிலே 1993இல் தொடங்கிய ஒரு வானொலி நிலையம், துட்சி மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்று இழித்துரைத்துப் பகை மூட்டிற்று. 1994இல், ஏறத்தாழ நூறு நாட்களிலே, 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்.

நம் நாட்டிலே நடந்ததையும் மறவாதீர். 2018இல், பிள்ளை பிடிப்போர் நடமாடுகின்றனர் என்ற வதந்தி வாட்ஸ்அப்பிலே பரவிற்று. அதனுடன் சுற்றிய காட்சிகளுள் ஒன்று, பாகிஸ்தானத்துக் கராச்சியிலே குழந்தைகளின் பாதுகாப்புக்கென எடுத்த விழிப்புணர்வுப் படம். அதன் முடிவை வெட்டி எறிந்துவிட்டனர்! தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களிலே ஒரு பாவமும் அறியாதோர் அடித்துக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு சூலையில், ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐவருக்கு மேல் அனுப்ப இயலாதவாறு அந்நிறுவனம் இந்தியாவிலே வரம்பு விதித்தது. விரலுக்கு வரம்பு விதித்தனர். உள்ளத்துக்கு வரம்பு விதிக்க எந்த நிறுவனத்தால் இயலும்?

அந்தப் பணி நம்முடையது. மாற்றார் பரப்பும் பொய்யை நாம் எளிதிலே இனங்கண்டு கொள்கிறோம். பகை நம் கண்ணைக் கூர்மையாக்குகிறது. நம் தலைவரைப் புகழ்ந்து, எதிர்முகாமை இகழ்ந்து, நம் நெஞ்சுக்கு இனிப்பாக வரும் பொய்யை? அதனையன்றோ ஆராயாமல் கைமாற்றி விடுகிறோம்! எழுதியவர் எவர், மூலம் எங்கே, வெட்டப்பட்ட பகுதி யாது, இந்த நாளிலே இது வருவானேன் என்று கேளுங்கள். விடை கிட்டும்வரை அந்தச் செய்தி உங்களோடு நிற்கட்டும்!

ஊரார் நம் சொல்லை நம்புவது, நாம் நேற்றுச் சொன்னது மெய்யாயிருந்தமையால். அந்த நம்பிக்கையே நம் கருவூலம். ஒரு மாலைப்பொழுதின் கைதட்டலுக்காக அதனைச் செலவழித்துவிடாதீர், தோழர்களே!