தண்ணீர்மலைக்காரர்களுக்கு

பினாங்கில் தைப்பூசக் காவடிகள் ஏறும் மலைக்கு நம் முன்னோர் இட்ட பெயர் தண்ணீர்மலை. அந்த மலையருவிதான் ஒரு காலத்தில் ஜார்ஜ் டவுனுக்கும் துறைமுகத்துக் கப்பல்களுக்கும் குடிநீர் கொடுத்தது. இன்றைக்கு பினாங்கின் தண்ணீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் மூடா ஆற்று நீர். சுங்கை டுவாவில் சுத்திகரித்து, கடலடிக் குழாய் வழியே தீவுக்கு வருகிறது. 2024 ஜனவரியில் சுங்கை டுவாவில் வால்வு மாற்றியபோது தண்ணீர் நின்ற நாட்களில் வாளியும் கையுமாக நின்றோமே!

அப்படி வரும் நீரை வீடுகளில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 280 லிட்டர் செலவழிக்கிறோம். இதில் என் மனசு பதறுவது, சத்தமில்லாமல் கசியும் கழிப்பறைத் தொட்டியை நினைத்துத்தான். இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். இரண்டு கைப்பிடி சங்குப்பூவைச் சுடுநீரில் ஊறவைத்து, அந்த அடர்நீலச் சாற்றைத் தொட்டிக்குள் ஊற்றுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்ய வேண்டாம். பிறகு கீழே கோப்பையைப் பாருங்கள். நீலம் இறங்கியிருந்தால், பெரும்பாலும் தொட்டியின் அடியிலுள்ள ரப்பர் மூடி தேய்ந்திருக்கும். பழையதைக் கையோடு எடுத்துப்போய் ஹார்ட்வேர் கடையில் காட்டினால், அதே அளவில் புதிது சில வெள்ளிக்குக் கிடைக்கும். மாட்டுவதற்குப் பத்து நிமிடம் போதும்.