வுழூவுக்கு ஆகும் நீரெல்லாம் குடிக்க ஆகுமா?



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பார்ந்த நேயர்களே! 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை தாக்கியபோது, மருதமுனை, சாய்ந்தமருது போன்ற கிழக்குக் கரையோர ஊர்களில் கிணறுகளினுள் கடல் புகுந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் நாட்டின் பல பகுதிகளில் கிணறுகளை மூழ்கடித்து, குழாய்நீரையும் தடைப்படுத்தியது. அத்தகைய நாளில் நம் பிள்ளைகளுக்கு எந்த நீரைக் கொடுப்பது? இதனை முன்கூட்டியே அறிந்திருப்பது பெற்றோர் மீதுள்ள பொறுப்பாகும்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். மார்க்கச் சட்டம் 'தஹூர்' என்று கூறும் நீர் வேறு; குடிப்பதற்குப் பாதுகாப்பான நீர் வேறு. கடல்நீரால் வுழூச் செய்யலாம் என்பது நபிமொழியால் உறுதியானது. ஆனால் அதனைக் குடித்தால் தாகம் மிகும், உடல் வரளும். ஷாஃபிஈ மத்ஹபின்படி இரண்டு குல்லத் அளவை, அதாவது ஏறத்தாழ 200 லீற்றரை எட்டிய நீர், நிறமோ சுவையோ மணமோ அசுத்தத்தால் மாறாதவரை வுழூவுக்கு ஆகும். ஆனால் வயிற்றோட்டத்தை உண்டாக்கும் கிருமிகள் நிறத்தையும் மணத்தையும் மாற்றாமலே நீரில் இருக்கக்கூடும். ஆகவே, "பள்ளிவாசல் ஹவ்ழு நீர்தானே!" என்று எண்ணி அதனை அப்படியே பருகுவது தகாது.

மற்றுமொரு சட்டத்தையும் இளைஞர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். கைவசமுள்ள சிறிதளவு நீர் தாகத்திற்குத் தேவைப்படுமாயின், அதனைக் குடிப்பதற்கு வைத்துக்கொண்டு தயம்மும் செய்ய வேண்டும் என்பதே ஃபுகஹாக்களின் தீர்ப்பு. தாகித்திருக்கும் கால்நடையின் உயிருக்கும் இதே சலுகை உண்டு. உயிரைக் காப்பதற்கு மார்க்கம் தந்துள்ள இடம் அது.

இனி, வீட்டிலேயே நீர் எங்கே இருக்கிறது? வெள்ள எச்சரிக்கை கிடைத்ததும் குழாயின் பிரதான வால்வை மூடிவிட்டால், வெளியிலிருந்து அழுக்கு நீர் உள்ளே வராது. மூடியுள்ள கூரைத் தாங்கியில் இருப்பது பல நாட்களுக்கு உதவும். குளிர்சாதனப் பெட்டியின் பனிக்கட்டியும் உருகினால் குடிநீரே. முற்றத்துத் தென்னையின் இளநீர் ஓடு உடையாதவரை பாதுகாப்பானது. மழைநீரைப் பிடிக்கும்போது, கூரையைக் கழுவிவரும் முதல் நீரை ஓடவிட்டுப் பின்னர் பிடியுங்கள். எதுவுமில்லாத நிலையில், கொமட்டின் ஃபிளஷ் தாங்கி நீரையும் கொதிக்கவைத்துப் பயன்படுத்தலாம். நிறமோ வாசனையோ தரும் மருந்து அதில் இடப்பட்டிருந்தால் தொடவே கூடாது.

சந்தேகமான நீரை முதலில் தெளியவிட்டு, மடித்த சுத்தமான துணியால் வடிகட்டுங்கள். பின்னர் அடுப்பில் ஏற்றி, நன்கு குமிழியிட்டுக் கொதித்த பிறகு 1 நிமிடமாவது கொதிக்கவிடுங்கள். விறகோ எரிவாயுவோ இல்லையெனில், நிறமற்ற தெளிவான பிளாஸ்டிக் போத்தலில் தெளிந்த நீரை நிரப்பி, கடும் வெயிலில் 6 மணித்தியாலம் கிடத்துங்கள். மேகமூட்டமாயின் 2 நாட்கள் வேண்டும். எனினும் கொதிக்கவைப்பதால் உப்பு நீங்காது. மண்ணெண்ணெயும் கிருமிநாசினி மருந்தும் கலந்த நீரும் சீராகாது. அதனை ஒதுக்கிவிடுங்கள்.

வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்துக் கழுவி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி குளோரின் இட்ட பின்னரே பாவிக்க வேண்டும். கடல் புகுந்த கரையோரக் கிணறு வேறு வகை. அங்கு மணலுக்கடியில் நன்னீர், உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. உப்பு போகட்டும் என்று இயந்திரம் வைத்து ஓயாது இறைத்தால், கீழுள்ள உவர்நீர் மேலே ஏறிவிடும். ஆழிப்பேரலைக்குப் பின்னர் கிழக்கிலே கண்கூடாகக் கண்ட பாடம் இது. அளவோடு இறைத்து, மழை வந்து மண்ணைக் கழுவும்வரை பொறுத்திருப்பதே வழி.

பெற்றோர்களே! ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 4 லீற்றர் வீதம், குறைந்தது மூன்று நாட்களுக்கான நீரை மூடிய பாத்திரங்களில் சேமித்து வையுங்கள். பாத்திரங்களை மூடிவைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியுள்ளார்கள்.

இளைஞர்களே! உங்கள் வீட்டுக் கிணறு தப்பியிருந்தால், மதில் கதவைத் திறந்துவிடுங்கள். ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்குப் பொதுவாக்கிய உஸ்மான் (ரழி) அவர்களின் வழி அது. அயலவர் எம்மதத்தவராயினும் தாகம் ஒன்றே. நடக்கமுடியாத முதியோரின் வீட்டுக்கு முதல் குடத்தை நீங்களே சுமந்து செல்லுங்கள்.

வல்ல நாயன் நம் அனைவரையும் அனர்த்தங்களிலிருந்து காத்தருள்வானாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.