பிலிம் கூடுகள்

புகைப்படக் கலையைப் பற்றிப் பேசுவோர் கமராவைப் புகழ்வர்; அதன் வில்லையைப் புகழ்வர். வில்லை தீட்டிய உருவத்தை ஒளி படாமற் காத்துத் தரும் பிலிம் கூட்டைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. பெருவிரலளவான இச் சிறு உலோக உறையின் அமைப்பிலே எத்தனை வேறுபாடுகள் உள்ளன என்பதை அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

சினிமாவுக்கென வந்த 35 மில்லிமீற்றர் பிலிமைச் சிறு கமராவிற் பயன்படுத்தும் வழியை ஜேர்மனியரான ஒஸ்கார் பார்னாக் வகுத்தார். அவர் ஆக்கிய லைக்கா கமரா 1925 இல் விற்பனைக்கு வந்தது. அக்காலத்திற் படப்பிடிப்பாளர் தாமே இருட்டறையிற் பிலிமை வெட்டிப் பித்தளைக் கூட்டிற் சுற்றிக்கொள்ள வேண்டும். 1934 இலே கொடாக் நிறுவனம் பிலிம் நிரப்பிய கூட்டை, ஒருமுறை பயன்படுத்தி எறியத்தக்கதாக வெளியிட்டது. ஆயினும், மீண்டும் நிரப்பும் கூடு மறையவில்லை. 100 அடிச் சுருளொன்றை வாங்கினால், 36 படங்கள் கொண்ட ஏறக்குறைய 18 சுருள்களைத் தாமே நிரப்பிக்கொள்ளலாம். சிக்கனம் அறிந்தோர்க்கு அது பெரிய ஆதாயமன்றோ!

சாதாரணக் கூட்டின் வாயிலே வெல்வெற்றுத் துணி ஒட்டப்பட்டிருக்கும். ஒளியைத் தடுப்பது அத்துணியே. ஆனால், கோடையிலே கிரவற் பாதைகளில் எழும் புழுதியில் ஒரு துகள் அதிற் படிந்துவிட்டால், சுருள் முழுவதும் நீளக் கீறல் விழும்.

லைக்காவின் பித்தளைக் கூட்டிலே துணி இல்லை. ஒன்றுள் ஒன்று சுழலும் இரண்டு உறைகள் உண்டு. கமராவின் அடித்தட்டை மூடித் திறாங்கைத் திருப்பியதும், இரு உறைகளின் பிளவுகளும் நேர்ப்பட்டு வாய் அகலத் திறக்கும். பிலிம் எதனையும் உரசாமல் வெளிவரும். திறாங்கை மறுபுறம் திருப்பினால், அடித்தட்டுக் கழலுமுன்னரே வாய் மூடிக்கொள்ளும். குளத்துத் துருசு வேண்டும்போது திறந்து வேண்டாதபோது அடைவதைப் போன்றது இந் நுட்பம்.

பார்வைக்கு ஒன்றுபோலிருப்பவை எல்லாம் ஒன்றல்ல. 1954 இல் லைக்கா எம்3 வந்தபோது அதற்கென வேறு கூடு செய்யப்பட்டது. 1932 இல் வந்த கொண்டாக்ஸ் கமராவிலோ, ஒரு கூட்டிலிருந்து மற்றொரு கூட்டுக்குப் பிலிமைச் செலுத்தலாம். திருப்பிச் சுற்றும் வேலையே இல்லை. கூடும் திறாங்கும் பொருந்தாவிடின், வாய் சரிவரத் திறவாது பிலிம் உரசும். அல்லது சரிவர மூடாது ஒளி புகும்.

இவையெல்லாம் பழங்கதைதானே என்று எண்ணலாம். வன்னி மக்களுக்கு இது வெறும் பழங்கதையன்று. 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டபோது, படப்பிடிப்பு நிலையத்தின் படி ஏறாத குடும்பம் அரிது. 1990 களிலே வன்னியின் பெரும்பகுதிக்குப் பற்றரி செல்வது தடைப்பட்டிருந்தது. அத்தகைய காலத்தில், வில்விசையால் மட்டுமே இயங்கும் பழைய கமராவின் அருமை சொல்லாமலே விளங்கும். பின்னர், 2009 இல் முடிவுற்ற போரின் இடப்பெயர்வுகளிலே கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில் எத்தனையோ வீடுகளின் அல்பங்கள் அழிந்தன. தாயின் முகத்தையும் தமையனின் முகத்தையும் காட்ட ஒரு படந்தானும் இல்லாத வீடுகள் உண்டு.

ஆகையால், பழைய பெட்டியிற் கிடக்கும் பிலிம் கூட்டைப் பழைய இரும்புக்குப் போடுதல் தகாது. அதனைத் திறந்து பார்த்தல் அதனினும் தகாது. பித்தளைக் கூடாயின், உறையைச் சற்றே திருப்பினும் வாய் பிளந்து ஒளி பாய்ந்துவிடும். நுனி வெளியே தெரியாமற் பிலிம் முழுவதும் உள்ளே சுற்றப்பட்டிருந்தால், படம் எடுக்கப்பட்டதாக இருத்தல் கூடும். அதனை ஈரமும் வெப்பமும் அணுகாமல் வைத்து, தொழிலறிந்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். முழு இருளிலேயே அதனைத் திறத்தல் வேண்டும். சிவப்பு விளக்கும் பெரும்பாலான பிலிமுக்குப் பகையே. பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரும் கறுப்பு வெள்ளைப் பிலிமிலிருந்து, மங்கலாகவேனும், உருவம் மீண்டதுண்டு.

ஒரு கணம் பொறுமையின்றித் திறந்தால் அழிந்துபோவது, பொறுமையோடு காத்தால் ஒரு வீட்டுக்கு இழந்த முகமொன்றைத் திருப்பித் தரலாம்.