சிவந்த கண்ணும் பச்சைக் கீறலும்



பள்ளியில் பார்வை அட்டையை மாட்டிப் பிள்ளைகளின் கண்களைச் சோதிக்கிறோம். அந்தச் சோதனையில் அகப்படாத ஒன்று உண்டு. அது கருவிழியில் விழும் கீறல்.

நம் பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வீட்டுப் பிள்ளைகள் அதிகம். ஓலை நுனி குத்தும். தேங்காய் நார்த் தூசி விழும். கண் சிவந்து நீர் வடியும். டார்ச் அடித்துப் பார்த்தாலும் நமக்கு ஒன்றும் தெரியாது. கார்னியா என்னும் முன்படலம் கண்ணாடி போன்றது. அதில் விழும் மெல்லிய கீறலுக்கும் நிறமில்லை.

கண் மருத்துவர், புளோரசின் சாயம் தோய்ந்த சிறு காகிதப் பட்டையை நனைத்துக் கீழ் இமையின் உட்புறம் தொடுவார். பிள்ளை கண் சிமிட்டியதும் சாயம் கண்ணீரோடு பரவும். மேலடுக்குச் செல்கள் முழுதாக உள்ள இடத்தில் அது தங்காது. செல்கள் உரிந்த இடத்தில் தங்கும். நீல ஒளி காட்டினால் அந்த இடம் பச்சையாக ஒளிரும். ஊசி கிடையாது, சற்று நேரத்தில் சாயம் கண்ணீரோடு போய்விடும். 1871-இல் ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் வான் பேயர் உருவாக்கிய சாயம் இது.

கீறலை அன்றே கண்டுபிடிப்பதால் என்ன பயன்? நேபாளத்தின் பக்தபூரில் 81 கண்நலப் பணியாளர்கள் கண்ணில் அடிபட்டவர்களை உள்ளூர்க் கண் மையங்களுக்கு அனுப்பினார்கள்; அங்கே கண் மருத்துவர் பார்த்து, கீறல் உள்ளவர்களுக்கு 3 நாள் களிம்பு கொடுத்தார்கள். அதன் முடிவு 2001-இல் வெளியானது. அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் மருந்து பெற்ற 284 பேரில் ஒருவருக்கும் கருவிழியில் புண் வரவில்லை. பிறகு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினரும் மதுரை மாவட்டக் கிராமங்களில் இம்முறையைச் செய்து பார்த்தனர்.

நம்மூரில், "தானாச் சரியாப் போயிடுமுங்க டீச்சர்" என்பார்கள். ஒருநாள் கூலி போகுமே என்று ஞாயிறு வரை தள்ளிப்போடுவார்கள். அவர்கள் கவலை நியாயமானதே. ஆனால் ஓலையோடும் நாரோடும் பூஞ்சை உள்ளே போகலாம். அது புண்ணாகி ஆறினாலும் தழும்பு பார்வையை மறைக்கும்.

ஆகவே, குத்துப்பட்ட கண்ணைக் கசக்க விடாதீர்கள். தாய்ப்பால், மூலிகைச் சாறு எதுவும் வேண்டாம். கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் பூஞ்சை பெருகும். சுண்ணாம்போ ரசாயனமோ பட்டால் மட்டும் உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். பெற்றோருக்குப் போன் செய்து, அன்றே கண் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு, எது பட்டது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.