எந்த குரூப் என்பதை யார் முடிவு செய்வது?

(பத்தாம் வகுப்பு முடித்த மாணவர்கள், பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நாம என்ன படிக்கணும்னு அடுத்தவன் முடிவு பண்றது பழைய வழக்கம். பாபாசாகேப் அம்பேத்கர் உயர்நிலைப் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டத்தகாத பிள்ளைக்கு அது கிடையாது என்றார்கள். பாரசீகம்தான் எடுக்க முடிந்தது.

இன்னைக்கு அப்படி நேரா சொல்ல மாட்டாங்க. 'மார்க் கம்மி, சயின்ஸ் தாங்காது, தொழிற்பிரிவு எடு, சீக்கிரம் வேலைக்குப் போகலாம்.' கரிசனமாத்தான் சொல்வாங்க. நாமும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுவோம். கதவைச் சாத்திட்டாங்கன்னு ரெண்டு வருஷம் கழிச்சு, நீட் விண்ணப்பம் போடும்போதுதான் வீட்டுக்குத் தெரியும்.

எம்.பி.பி.எஸ்.ஸுக்கு வேண்டியது இயற்பியல், வேதியியல், உயிரியல். கணக்கு கட்டாயமில்லை. கணக்கும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப், தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாக உள்ள பியூர் சயின்ஸ், ரெண்டுலயும் போகலாம். கணக்கோடு கம்ப்யூட்டர் சயின்ஸ் உள்ள குரூப்பில் உயிரியல் கிடையாது. பேர்ல சயின்ஸ் இருக்கேன்னு சேர்ந்துடாதீங்க. உயிரியலைப் பிறகு கூடுதல் பாடமாக எழுதினாலும் செல்லும் என்று 2023இல் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது உண்மை. ஆனா அது இன்னொரு வருஷத்தையும் காசையும் கேட்கிற வழி.

என்னைக் கேட்டா முதல் குரூப். மருத்துவம் தவறினாலும் பொறியியல் மிச்சமிருக்கும். மறுபடி நீட் எழுத ஒரு பிள்ளையை வருஷம் முழுக்க வீட்டில் உட்கார வைக்கிற வசதி நம்மில் எத்தனை பேருக்கு? கணக்குன்னா நடுங்குற பிள்ளையை மட்டும் வற்புறுத்தாதீங்க, பியூர் சயின்ஸிலிருந்து நர்சிங்கும் இருக்கு. நீட்டில் 720க்கு 360 உயிரியல்தான். ஆனா இயற்பியலின் 180க்கும் கணக்குப் போட்டே ஆகணும்.

இன்னொன்று. பிளஸ் ஒன்னில் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாத்துறவங்க கவனிங்க. 2020 சட்டப்படி உள்ள 7.5 சதவிகித இடம், ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் இதில் சேர்த்தி. இடையில் மாறினால் அந்த இடம் போச்சு. கிடைத்தவர்களின் கல்லூரிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

சரியான குரூப் எடுத்தா மட்டும் போதுமான்னு கேட்பீங்க. குழுமூர் அனிதா சரியான குரூப்தான் எடுத்தார். 2017இல் 1200க்கு 1176. இயற்பியல் 200, வேதியியல் 199, உயிரியல் 194. பழைய முறையில் கட்-ஆஃப் 196.75. அந்த வருஷம் நீட் வந்தது, 720க்கு 86. செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். குத்தகை நெல்லுக்கு ஒரு மரக்கால், கூலி நெல்லுக்கு ஒரு மரக்கால்னு வச்சிருந்தாங்களே, அந்தக் கதைதான். விளைஞ்ச நெல் அதேதான், மரக்காலை மாத்திட்டாங்க.

நீட்டை எதிர்க்கிற போராட்டத்தை நாம விடப்போவதில்லை. அதுவரைக்கும் நம்ம பிள்ளைங்க எழுதியாகணுமே. அதில் பிளஸ் ஒன் பாடமும் வருது, முதல் வருஷத்தைச் சும்மா விட்டுடாதீங்க. என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் ஒரு செட் வாங்கினா தெருவே படிக்கலாம்.

உங்க பள்ளியில் உயிரியல் குரூப் இல்லையா? இப்பவே சொல்லுங்க. பக்கத்து அரசுப் பள்ளியில் இடமும் விடுதியும் கேட்கணும். இருந்தும் தரமாட்டேன்னா, காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்க. சேர்க்கை அன்னைக்குத் தனியாப் போகாதீங்க, நாங்க ரெண்டு பேர் கூட வர்றோம்.