‘லைன் இல்லை’: வளாக அருகலையும் பழுதறியும் தமிழும்



கிள்ளான் முதல் பிரிக்பீல்ட்ஸ் வரை நம் மக்கள் பேச்சில் இணையக் குறை எதுவாயினும் அதற்கு ஒரே தொடர்தான் உண்டு: ‘லைன் இல்லை’. பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் பயிலும் மாணவரும் அதையே சொல்லி முறையிடுகிறார். அவ்விரு சொற்களுக்கு அடியில் குறைந்தது ஐந்து வெவ்வேறு பழுதுகள் மறைந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துச் சொல்லத் தெரியாமையால் ஒப்படைப்பு நாள் தவறிய மாணவரையும், இல்லாத பழுதைத் தேடி அலைந்த பணியாளரையும் நாம் அறிவோம்.

இது மொழி மன்றத்தில் பேசத் தக்க பொருளா என்று சிலர் ஐயுறலாம். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடிய நகரம் இது. 2001இலும் 2013இலும் தமிழ் இணைய மாநாடுகள் இங்கே நடந்தன. பின்னது மலாயாப் பல்கலைக்கழகத்திலேயே நடந்தது. கணினித் திரையில் தமிழ் எழுத்தை ஏற்ற நம் நாட்டவர் பெரிதும் உழைத்தனர். அவ்வெழுத்தைச் சுமந்து செல்லும் அலையைப் பற்றிப் பேசும் தமிழ் மட்டும் பின்தங்கி நிற்கிறது.

கம்பியில்லாக் கணினி வலை பல்கலைக்கழகத்திலேதான் பிறந்தது. தீவுகளில் சிதறிக் கிடந்த கல்விக்கூடங்களை இணைக்க, நார்மன் ஆப்ரம்சன் குழுவினர் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் 1971இல் ‘அலோஹா’ வலையை இயக்கினர். இருவர் செய்தி வானில் மோதினால் இருவரும் வெவ்வேறு கால அளவு காத்திருந்து மீண்டும் அனுப்ப வேண்டும் என்பது அதன் விதி. 1997இல் முதல் தரநிலை கண்ட வைஃபை, அதாவது நாம் அருகலை என வழங்குவது, இவ்விதியை மேலும் செப்பம் செய்தது: முதலில் செவிகொடு, தடம் வெறுமையாயிருந்தால் பேசு. ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒருவரே பேசலாம் என்பதை மறந்தால் வடிவமைப்பு முழுதும் பிழைபடும்.

விரிவுரை மண்டபம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். 300 இருக்கைகள், ஆளுக்கொரு கைப்பேசி, ஒரு மடிக்கணினி, ஆக 600 கருவிகள். ஒற்றை அணுகுபுள்ளியே மண்டபம் முழுதும் சிக்னலை நிரப்பிவிடும். ஆயினும் அத்தனை கருவிகளுக்கும் பேச முறை வாராது. எனவே பல புள்ளிகள் வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றையொன்று தொடாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. ஆகவே 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்குச் செல்ல வேண்டும். ஒவ்வொரு புள்ளியின் ஆற்றலையும் குறைக்கவும் வேண்டும். ஆற்றலைக் கூட்டினால் நலம் என்பது பொதுவான எண்ணம். உரக்கக் கத்துவோர் பலர் கூடிய அறையில் எவர் பேச்சும் விளங்காது. வெற்று மண்டபத்தில் அளந்த கணக்கும் ஏமாற்றும். மனித உடல் பெரும்பாலும் நீராலானது, நீர் அலையை விழுங்கும்.

நம் நாட்டுக் கட்டடங்களுக்கெனச் சில குணங்கள் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் டேவான் துங்கு சான்சலர் போன்ற 1960களின் கற்காரைக் கட்டடங்கள் அலையைத் தடுக்கும்; காற்றோட்டத்துக்காகத் திறந்துவிட்ட நடைகளோ அதை வெகுதூரம் கொண்டுபோகும். கிள்ளான் பள்ளத்தாக்கின் இடிமின்னலைச் சொல்லவே வேண்டா. கட்டடங்களுக்கிடையே செம்புக் கம்பி ஓடினால் மின்னல் அதன் வழியே கருவிகளைச் சுட்டுவிடும். அங்கு ஒளியிழையே தக்கது.

இனி அந்த ஐந்து பழுதுகள். சிக்னலே எட்டாமை முதலாவது. சிக்னல் இருந்தும் கடவுச்சொல்லோ சான்றிதழோ ஏற்கப்படாமை அடுத்தது. உள்ளே நுழைந்தும் முகவரி கிடைக்காமை மூன்றாவது. இதுவே நம்மை மிகுதியாக ஏய்ப்பது. 254 முகவரிகளே கொண்ட தொகுப்பை மேற்சொன்ன மண்டபத்துக்கு ஒதுக்கி, ஒரு முகவரியை நாள் முழுதும் ஒருவரே வைத்திருக்க விட்டால், காலை வகுப்பினர் எல்லாவற்றையும் கொண்டுபோய்விடுவர். பிற்பகல் மாணவரின் திரையில் சிக்னல் நிறைந்திருக்கும், முகவரியோ 169.254 எனத் தொடங்கும். வழங்குவார் இன்றிக் கருவி தானே சூட்டிக்கொண்ட எண் அது. விடுதிகளில் இதற்கு ஒரு தம்பியும் உண்டு. மாணவர் ஒருவர் தம் சொந்த ரூட்டரைச் சுவரிலுள்ள துளையில் தவறான பக்கமாகச் செருகுவார். அது அந்தத் தளம் முழுவதற்கும் 192.168 எனத் தொடங்கும் முகவரிகளை வாரி வழங்கும். நாம் பார்த்த வளாகம் ஒன்றில் அணுகுபுள்ளிகளை மாற்றியும் தீராத முறையீடு, ஒரு கட்டிலின் அடியிலிருந்த ரூட்டரைக் கழற்றியதும் தீர்ந்தது. பெயரை முகவரியாக மாற்றும் வழங்கி உறங்குவது நான்காவது. வளாகத்துக்கு வெளியே செல்லும் வழி அடைபடுவது ஐந்தாவது.

ஒவ்வொரு துறையும் தன் பெயரில் ஒரு வலையைக் காட்ட விரும்புவது தனிநோய். ஒவ்வொரு பெயரையும் ஒவ்வொரு புள்ளியும் நொடிக்கு ஏறத்தாழ 10 முறை அறிவிக்கிறது. பெயர் பெருகப் பெருகப் பாடத்துக்குரிய நேரம் அறிவிப்பிலேயே கழியும். எடுரோம் இதற்கு நல்ல மாற்று. ஐரோப்பாவில் தோன்றி, நம் நாட்டிலும் இயங்கும் இம்முறையில் எல்லா வளாகத்திலும் ஒரே பெயர். மலாயாப் பல்கலைக்கழக மாணவர் செர்டாங்கிலோ பாங்கியிலோ வலையில் நுழைந்தால், அவரை ஏற்கலாமா என்ற வினா அவருடைய தாய்ப் பல்கலைக்கழகத்துக்கே செல்கிறது. ‘எங்கள் வளாகத்தில் கிடைக்கிறது, அங்கே கிடைக்கவில்லை’ என்ற முறையீட்டுக்குப் பெரும்பாலும் காரணம் சிறிது: பயனர் பெயருக்குப் பின் வரவேண்டிய பல்கலைக்கழகப் பகுதியை அவர் எழுதாது விட்டிருப்பார். ஊர்ப்பெயர் இல்லாத கடிதம் உள்ளூரில் போய்ச் சேரலாம். அயலூரில் அஞ்சற்காரர் என் செய்வார்?

எனவே முறையீட்டை இப்படி எழுதப் பழக்குவோம்: ‘நூலகம், இரண்டாம் மாடி, பிற்பகல் 3 மணி, சிக்னல் உண்டு, நுழைந்தேன், முகவரி 169.254 எனத் தொடங்குகிறது. பக்கத்திலிருந்த தோழிக்கும் அவ்வாறே.’ இவ்வளவு போதும், பணியாளர் நேரே உரிய வழங்கிக்குச் செல்வார்.

சொற்கள் சிலவற்றை இம்மன்றம் ஆராய வேண்டுகிறோம். அணுகுபுள்ளி, தடம், குறுக்கீடு ஆகியவை நிலைத்துவிட்டன. நடந்து செல்லும் மாணவரின் கைப்பேசி, அருகே புதிய புள்ளி இருந்தும் தொலைவிலுள்ள பழைய புள்ளியையே விடாது பற்றிக்கொண்டு மெதுவாகும் பழுதுக்குத்தான் சொல் இல்லை. எப்போது மாறுவது என்பதைக் கருவியே முடிவு செய்கிறது. வலை அதற்குக் குறிப்புக் காட்டலாம், கட்டாயமாக வெளியேற்றலாம், அவ்வளவே. இதற்கு ‘உடும்புப்பிடி’ என்று பெயரிடலாம் என்பது நம் கருத்து.